டீ கேட்ட காவலாளி

ரோல்-பிளேயிங் கேம் என்று சொல்கிற ஆட்டங்களில் சண்டையைவிட வாசிப்புதான் அதிகம். ஊர் ஊராக நடக்கணும், எதிரில் வருகிற எல்லோரிடமும் பேச்சுக் கொடுக்கணும், அவங்க சொன்னதை ஞாபகம் வெச்சிக்கணும். கிழக்கே இருக்கிற குகையில் ஏதோ கிடக்குது என்று ஒரு கிழவி போகிறபோக்கில் சொல்லியிருப்பாள். அதைப் படிக்காதவன் கிழக்கே போகமாட்டான். இருபது முப்பது மணி நேரக் கதை மொத்தமும் திரையின் அடியில் வரும் ஒரு சின்னப் பெட்டிக்குள் இரண்டிரண்டு வரியாக ஓடுகிறது.

எங்கள் பக்கம் இந்த வகை ஆட்டம் வராமல் போனதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். உத்திரமேரூரில் நாங்கள் பார்த்ததெல்லாம் டிவியில் மாட்டுகிற கேம் பெட்டிதான். 9999 இன் 1 என்று போட்டிருக்கும் மஞ்சள் கேசட், கான்ட்ரா, மரியோ, டேங்க். ஓடவில்லையென்றால் கேசட்டைப் பிடுங்கி வாயால் ஊதி மறுபடி செருகுவோம். ஸ்டார்ட் பட்டன் எது என்று தெரிந்தால் போதும், ஒரு வார்த்தை படிக்கத் தேவையில்லை. கதை ஆட்டத்துக்கு விட்ட இடத்திலிருந்து தொடரும் வசதி வேண்டும். அந்த மலிவு கேசட்டுகளில் அதற்கான பேட்டரி கிடையாது. ஜப்பானிலும் அமெரிக்காவிலும் பிள்ளைகள் ஃபைனல் ஃபேன்டசி, க்ரோனோ ட்ரிகர் என்று கதைக்குள் வளர்ந்த வருஷங்களில் நாங்கள் சுட்டுக்கொண்டும் குதித்துக்கொண்டும் இருந்தோம்.

பிறகு போன் வந்தது. எமுலேட்டர் என்ற சின்ன செயலி வந்தது. பழைய கேம்பாய் அட்வான்ஸ் ஆட்டங்கள் அஞ்சாயிரம் ரூபாய் ஆண்ட்ராய்டு போனில் ஓட ஆரம்பித்தன. அதில் கிராமத்துப் பையன்கள்வரைக்கும் பரவியது 2004ல் வந்த போகிமான் ஃபயர்ரெட். 1996ல் ஜப்பானில் வந்த முதல் போகிமான் ஆட்டத்தின் மறு ஆக்கம் அது.

2020 ஊரடங்கில் என் சித்தி பையன் அதைத்தான் விளையாடிக்கொண்டிருந்தான். அரசுப் பள்ளி, தமிழ் மீடியம், அப்போது ஆறாம் வகுப்பு. இங்கிலீஷ் எழுத்துக்கூட்டிப் படிப்பான், அர்த்தம் தெரியாது. ஆனால் ஆட்டத்தில் பாதி தூரம் போய்விட்டிருந்தான். எப்படிடா என்று கேட்டால், "ஏ பட்டனை அமுக்கிகினே இருந்தா பேசி முடிச்சிடுவாங்கோண்ணா" என்றான். சேவ், ரன், பேக் எல்லாம் அவனுக்கு எழுத்து இல்லை, படம். பஸ் போர்டைப் படிக்காமலே பஸ்ஸை அடையாளம் கண்டுகொள்கிற மாதிரி.

பேச்சை எல்லாம் தாண்டிப் போய்விட்டதால் கதையை அவனே கட்டிக்கொண்டிருந்தான். ஆட்டத்தில் நம்மோடு போட்டி போடும் பையன் ஒருத்தன் உண்டு, முதலில் வருகிற பேராசிரியரின் பேரன். போகிற இடமெல்லாம் வந்து வம்பிழுப்பான். சித்தி பையனைப் பொறுத்தவரை அவன் "மாமா பையன்". வேறு யார் இப்படி விடாமல் வந்து வம்பு பண்ணுவார்கள் என்பது அவன் கேள்வி. போகிமான்களுக்கு வைத்தியம் பார்க்கும் நர்ஸ் "ஆஸ்பத்திரி அக்கா". கருப்புச் சட்டையில் ஆங்கில ஆர் போட்டுத் திரியும் திருட்டுக் கும்பல் "ஆர் பசங்க". தப்பு என்று சொல்ல எதுவுமில்லை. ஆட்டத்தின் கதைக்குப் பக்கத்திலேயே இன்னொரு கதை, அதுவும் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது.

ஒரே ஒரு இடத்தில் அது நின்றுவிட்டது. ஆட்டத்தின் நடுவில் சாஃப்ரான் என்று ஒரு பெரிய ஊர். நாலு பக்கமும் வழி, நாலு வழியிலும் ஒரு காவலாளி. எவனும் உள்ளே விடமாட்டான். இரண்டு மாதம் பையன் நாலு வாசலுக்கும் மாறி மாறி நடந்திருக்கிறான். பலம் போதவில்லை போல என்று நினைத்து, தேவையே இல்லாமல் தன் சாரிசார்டை அறுபது லெவலுக்குமேல் ஏற்றி வைத்திருந்தான். கடைசியில் திரையைப் போட்டோ எடுத்து எனக்கு வாட்ஸப்பில் அனுப்பினான். நான் அப்போது ஒரகடத்தில் ஷிப்டு வேலை. பிரேக்கில் பார்த்துவிட்டு வாய்ஸ் மெசேஜ் போட்டேன்: "அந்த ஆளுக்கு தாகமா இருக்குதாம்டா. டீ கேக்கறான்."

பதில் வர நேரமானது. "டீயா? டீ தானாண்ணா?"

பக்கத்து ஊரில் ஒரு மாளிகையின் கீழ்த்தளத்தில் ஒரு பாட்டி இருக்கிறாள். அவளிடம் பேசினால் டீ கொடுப்பாள். அதை வாங்கிவந்து ஒரு காவலாளிக்குக் கொடுத்தால் நாலு வாசலும் திறந்துவிடும். அன்று ராத்திரி திறந்துவிட்டது. அடுத்த நாள் இன்னொரு மெசேஜ்: "எல்லாரும் இன்னா சொல்றாங்கோன்னு முதல்ல இருந்து சொல்லேன்."

இங்கிலீஷ் படத்துக்குப் போய்வந்து கதை சொல்லும் அண்ணன்கள் எல்லா ஊரிலும் இருந்திருக்கிறார்கள். வாயால் சொல்வதற்குப் பதில் அதை ஆட்டத்துக்குள்ளேயே எழுதிவிட முடியுமா என்று பார்க்கத் தோன்றியது. தேடினால் அதற்கு ஒரு பெரிய பரம்பரையே இருந்தது.

ஃபைனல் ஃபேன்டசியின் ஐந்தாம் பாகம் 1992ல் ஜப்பானில் வந்தது. ஆங்கிலத்தில் அதை யாரும் வெளியிடவில்லை. இணையத்தில் ஒன்றுசேர்ந்த ரசிகர்கள் சிலர் ஆட்டத்தின் கோப்பைப் பிரித்து, எழுத்து எங்கே ஒளிந்திருக்கிறது என்று கண்டுபிடித்து, 1998க்குள் முழு ஆங்கில மொழிபெயர்ப்பைக் கொண்டுவந்தார்கள். கம்பெனியின் ஆங்கிலப் பதிப்பு அதற்குப் பிறகு, 1999ல்தான் வந்தது. செய்கென் டென்செட்சு மூன்றாம் பாகம் இன்னும் மோசம்: ஜப்பானில் 1995, நடுவில் ரசிகர் மொழிபெயர்ப்பு, கம்பெனியின் ஆங்கிலம் 2019. மதர் 3 ஜப்பானில் வந்தது 2006ல். கிளைட் மேன்டலின் என்ற தொழில்முறை மொழிபெயர்ப்பாளர் தலைமையில் ஒரு குழு 2008 அக்டோபரில் ஆங்கில ஒட்டை வெளியிட்டது. முதல் வாரத்திலேயே ஒரு லட்சம் பேருக்குமேல் இறக்கிக்கொண்டார்கள். கேட்டால் இந்த வேலையைச் சும்மாவே கொடுத்துவிடுகிறேன் என்று நின்டெண்டோவுக்கு மேன்டலின் சொல்லியும் பார்த்தார். இன்றைக்கும் அதிகாரபூர்வ ஆங்கில மதர் 3 கிடையாது.

ஒட்டு என்றுதான் சொல்லவேண்டும். இவர்கள் ஆட்டத்தைப் பகிர்வதில்லை. எந்த இடத்தில் எதை எடுத்துவிட்டு எதை வைக்கணும் என்ற மாற்றங்களை மட்டும் ஒரு சின்னக் கோப்பாகத் தருவார்கள். அசல் உன்னிடம் இருந்தால் அதன்மேல் ஒட்டிக்கொள். மொழியோடு நிறுத்தாமல் கதையையே மாற்றுகிறவர்களும் உண்டு. புது ஊர், புது எதிரி, புது முடிவு என்று பழைய ஆட்டத்தின் எலும்பில் வேறு உடம்பு கட்டுவார்கள். அதில் ஆபத்தும் உண்டு. க்ரோனோ ட்ரிகரை வைத்து ரசிகர்கள் வருஷக்கணக்காகக் கட்டிய க்ரிம்சன் எக்கோஸ் 2009ல் முடிகிற கட்டத்தில் ஸ்கொயர் எனிக்ஸின் வக்கீல் கடிதம் வந்து நின்றது. 2016 டிசம்பரில் போகிமான் ப்ரிஸம் வெளியாகச் சில நாள் இருக்கும்போது நின்டெண்டோவிடமிருந்து அதே மாதிரி கடிதம்.

என் வேலைக்கு ஒரு வசதி இருந்தது. ஃபயர்ரெட்டை ரசிகர்கள் ஏற்கெனவே முழுசாகப் பிரித்து, மனுஷன் படிக்கிற மாதிரி நிரலாக எழுதி வைத்திருக்கிறார்கள். வசனங்கள் எல்லாம் கோப்புகளில் வெளிப்படையாகவே கிடக்கும். எந்த எழுத்துக்கு எந்த எண் என்று ஒரு பட்டியலும் இருக்கும். ஒரு எழுத்துக்கு ஒரு பைட், அதாவது 256 இடம். அதில் வரி முடிந்தது, பேச்சு முடிந்தது, இங்கே பெயரைப் போடு என்பது மாதிரியான கட்டளைகளுக்கு 9 இடம் போய்விடும். மிச்சம் 247.

247. ஒண்ணாம் கிளாஸில் மனப்பாடம் பண்ணின அதே எண்ணிக்கை. கொஞ்ச நேரம் சந்தோஷமாக இருந்தது. சொற்களுக்கு நடுவே விடும் வெற்றிடத்துக்கே ஒரு இடம் வேண்டும், அப்புறம் எண்கள், கேள்விக்குறி, கிரந்தம் எல்லாம் எங்கே போகும் என்று யோசிக்கும்வரை.

ஆனால் 247ம் தேவையில்லை. கா என்பது க, பக்கத்தில் ஒரு கால். கெ என்றால் கொம்பு, பக்கத்தில் க. ஒட்டிக்கொள்ளாமல் தனியாக நிற்கிற இந்தக் கால், ஒற்றைக்கொம்பு, இரட்டைக்கொம்பு, ஐகாரக் கொம்பு நாலுக்கும் நாலு இடம் போதும். உயிரும் ஆய்தமும் 13. அகர வரிசை 18, புள்ளி வைத்த மெய் 18. இகர ஈகாரம் 36, உகர ஊகாரம் 36, இவை எழுத்தின் உடம்போடு ஒட்டிக்கொள்வதால் ஒவ்வொன்றையும் தனியாக வரையத்தான் வேண்டும். மொத்தம் 125. கிரந்தத்துக்கு 25. எண்ணும் குறிகளும் போட்டு, ஆங்கிலப் பெரிய எழுத்து 26ஐயும் விட்டுவைத்தால்கூட 200 பக்கம்தான் வருகிறது.

இந்தக் கணக்கு எனக்கு முன்னாடியே பலர் போட்ட கணக்கு. 1978ல் எம்.ஜி.ஆர். ஆட்சி பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்று ஆணை போட்டிராவிட்டால் ணா, றா, னா, லை, ளை என்று பழைய வடிவம் 13க்கும் வேறு ஏற்பாடு பண்ணியிருக்கணும். யூனிகோட் பரவுவதற்கு முன்னால் டிஸ்கி என்றும், 1999ல் தமிழக அரசு அறிவித்த டாம், டாப் என்றும் குறியீடுகளை வகுத்தவர்கள் மண்டையை உடைத்துக்கொண்டதும் இதே 256 கட்டத்துக்குள்தான். அந்த வேலை முடிந்துபோன பழங்கதை என்று நினைத்திருந்தேன். ஒரு பழைய ஆட்டத்தின் உள்ளே போனால் அது இன்னும் அப்படியே காத்திருக்கிறது.

பெயர்களில் இது நன்றாகத் தெரியும். போகிமான் பெயருக்கு ஆங்கிலப் பதிப்பில் 10 இடம், ஜப்பானியத்தில் வெறும் 5. சார்மாண்டர் என்று யூனிகோட் கணக்கில் எழுதினால் 11. ஒன்று வெளியே நிற்கும். ர், ண் போன்ற புள்ளி எழுத்துகளை ஒரே துண்டாக வரைந்துகொண்டால் 8ல் முடிந்துவிடுகிறது.

இடப் பிரச்சினை தீர்ந்தால் உயரப் பிரச்சினை. ஒரு எழுத்துக்குக் கிடைக்கும் உயரம் 16 புள்ளி. மேலே மெய்யெழுத்தின் புள்ளிக்கு இரண்டு, அதற்கும் உடம்புக்கும் நடுவே ஒன்று, கீழே ஞு, ணூ மாதிரி தொங்குகிறவற்றுக்கு நாலு என்று விட்டால் எழுத்தின் உடம்புக்கு ஒன்பது புள்ளிதான் மிச்சம். அதற்குள் ண-வின் மூணு சுழியும் தெரியணும். ன-வாக ஆகிவிடக்கூடாது. நல்லவேளை, எழுத்துக்கு எழுத்து அகலத்தை மாற்றிக்கொள்ளும் பட்டியல் ஆட்டத்துக்குள்ளேயே இருந்தது. ணகர வரிசைக்கு அகலத்தைக் கூட்டி சமாளித்தேன்.

புள்ளியையே விட்டுவிடலாமா என்றும் தோன்றியது. எங்கள் ஊர்க் கல்வெட்டில் விட்டிருக்கிறார்களே. வைகுண்டப் பெருமாள் கோயிலில் இருக்கும் முதலாம் பராந்தகன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டை நாங்கள் பார்க்காத நாளில்லை, ஸ்கூலில் கூட்டிக்கொண்டு போகாத வருஷமில்லை. அந்தக் காலக் கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி கிடையாது. எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் வித்தியாசம் கிடையாது. கொம்பைச் சுழித்து அதைத் தெளிவாக்கியவர் பதினெட்டாம் நூற்றாண்டில் வந்த வீரமாமுனிவர். படிக்கிறவனே பார்த்து நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். கல்வெட்டு படிக்கிற பெரியவர்களுக்கு அது சரி. ஆறாம் வகுப்புப் பையனுக்கு ஆகாது. புள்ளி இருந்துவிட்டது.

அதே கல்வெட்டில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அது ஒன்றில்லை, இரண்டு. பராந்தகனின் 12ஆம் ஆட்சியாண்டில், அதாவது 919 வாக்கில் ஒன்று. இரண்டே வருஷம் கழித்து 14ஆம் ஆட்சியாண்டில் அதைத் திருத்தி இன்னொன்று. முதலாவதில் வாரியத்துக்கு வருகிறவர் வயசு 30லிருந்து 60. இரண்டாவதில் 35லிருந்து 70. கல்லிலேயே எழுதியாச்சு என்று யாரும் நிறுத்திவிடவில்லை. எழுத்தும் அப்படித்தான், முனிவர் ஒரு ஒட்டுப் போட்டார், பெரியார் ஒரு ஒட்டுப் போட்டார். நாம் இப்போது எழுதிக்கொண்டிருப்பது அந்தத் திருத்தப்பட்ட பதிப்பு.

எழுத்து ஏறியதும் மொழி ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் எல்லோரும் எல்லோரையும் ஒரே ‘யூ’வால் கூப்பிடுகிறார்கள். தமிழில் முதல் பெட்டியிலேயே முடிவு பண்ணணும். பேராசிரியர் நம்மை நீ என்பாரா, நீங்க என்பாரா? கடைக்காரர்? திருடன்? ஜப்பானிய மூலத்தில் இந்த வித்தியாசங்கள் இருந்திருக்கின்றன. பேராசிரியர் தன்னை ‘வாஷி’ என்கிறார், வயசானவர்கள் தன்னைச் சொல்லிக்கொள்கிற சொல். பேரன் ‘ஓரே’ என்கிறான், திமிரான பையன்களின் நான். ஆங்கிலத்தில் இரண்டும் ‘ஐ’ ஆகித் தட்டையாகிவிட்டது.

நிரலைப் பார்த்துக்கொண்டே வரும்போது ஒரு வெற்று இடம் கிடைத்தது. வீரனின் பெயருக்குப் பின்னால் ஆண் என்றால் ‘குன்’, பெண் என்றால் ‘சான்’ என்று ஜப்பானியத்தில் ஒட்டுச்சொல் சேர்ப்பதற்கான இடம் அது. விளையாடுகிறவர் பையனா பொண்ணா என்று பார்த்துத் தானே மாற்றிப்போடும். ஆங்கிலத்துக்கு அது தேவைப்படாததால் இரண்டையும் காலியாக விட்டுவிட்டார்கள், ஆனால் இடத்தை எடுக்கவில்லை. பதினாறு வருஷமாக ஒன்றுமே சொல்லாமல் அது அங்கே இருந்திருக்கிறது. அதில் ‘டா’, ‘டி’ என்று எழுதினேன். பெரியவர்கள் பேசுவதற்காக அதே மாதிரி இன்னொன்றைச் செய்து ‘தம்பி’, ‘பாப்பா’ வைத்தேன்.

பேச்சுத் தமிழா எழுத்துத் தமிழா என்பதுதான் கடைசிவரை இழுத்தது. ஒரு ஊரை இரண்டு விதமாகவும் எழுதி அவனிடம் கொடுத்தேன். எழுத்துத் தமிழைப் பார்த்துவிட்டு, "எல்லாரும் சார் மாதிரி பேசறாங்கோ" என்றான். பேச்சுத் தமிழைப் பார்த்துச் சிரித்தான், ஆனால் படிக்கத் திணறினான். ‘வந்துட்டியா’, ‘பாத்துகினு’ என்ற சொற்களைப் பேசியே வளர்ந்தவன், அவற்றை அச்சில் பார்த்ததே இல்லை. அவனுக்கு யாரும் அதைப் படிக்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. ஆறு வருஷம் தமிழில் படித்த பிள்ளை தன் அம்மா பேசுகிற மொழியை எழுத்துக்கூட்டிப் படித்தான். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸ் படித்து வளர்ந்த என் தலைமுறைக்குப் பேச்சை பலூனுக்குள் படிக்கும் பழக்கம் எப்படியோ வந்திருந்தது. அவனுக்கு அதுகூட இல்லை.

இரண்டு வாரத்தில் திணறல் போய்விட்டது. பேச்சு பேச்சாகவே இருக்கட்டும், பலகைகளும் புத்தகங்களும் அறிவிப்புகளும் எழுத்துத் தமிழில் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன். நம் ஊர் அப்படித்தானே இருக்கிறது. வீரனின் அம்மா சித்தி மாதிரிப் பேசுகிறாள். வயலோரம் நிற்கிற ஒரு கிழவர் கழனியைக் கயினி என்கிறார். இரண்டே வரிக்குள் எல்லாம் அடங்கணும் என்பதால் பேச்சுத் தமிழ் இடத்தையும் மிச்சப்படுத்தியது. ‘போய்க்கொண்டிருக்கிறேன்’ பெட்டியில் பாதியைத் தின்றுவிடும், ‘போறேன்’ தின்னாது.

முதலிலிருந்து ஆட ஆரம்பித்தான். மாமா பையன் மாமா பையன் இல்லை, தாத்தாவின் பேரன் என்று தெரிந்தது. தன் பேரன் பெயரையே மறந்துவிட்டு நம்மிடம் கேட்கிறார் அந்தத் தாத்தா. அதற்கு விழுந்து விழுந்து சிரித்தான். அப்புறம் லாவண்டர் என்ற ஊர் வந்தது. அங்கே உயரமான ஒரு கோபுரம், உள்ளே மாடி மாடியாக வரிசையில் கற்கள். போன தடவை அவன் அதைக் கோயில் என்று நினைத்து ஏறி இறங்கியிருந்தான். இப்போது அங்கே நிற்கிறவர்கள் பேசினார்கள். அது செத்துப்போன போகிமான்களின் கல்லறை. மேலே ஏறவிடாமல் ஒரு ஆவி மறிக்கும். சண்டை போட்டு ஜெயித்தால்தான் வழி. திருட்டுக் கும்பல் கொன்றுபோட்ட ஒரு தாயின் ஆவி அது, அதன் குட்டி கீழே ஊரில் இருக்கிறது.

"அப்ப போன தடவ நான் அடிச்சது அம்மாவயா?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். போனை வைத்துவிட்டு ஏரிக்கரைப் பக்கம் போய்விட்டான். இரண்டு நாள் தொடவில்லை. தெரியாமலே இருந்திருக்கலாம் என்று அவன் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மூணாவது நாள் வந்து, குட்டியிடம் பேசினால் அது என்ன சொல்லும் என்று கேட்டான்.

இதெல்லாம் சட்டப்படி சரியா என்றால், ஆட்டத்தின் உரிமை முழுக்க அவர்களுடையது. ரசிகர் என்ற பெயரால் அது மாறிவிடாது. என் ஒட்டை நான் எங்கேயும் போடவில்லை. நாலைந்து போன்களில் மட்டும் இருக்கிறது. 2023ல் போகிமான் கோ இந்தியில் வந்தது. தமிழுக்கும் ஒருநாள் வரலாம், வந்தால் காசு கொடுத்து வாங்குவேன். ஆனால் மொழி என்று ஒன்று இருப்பதையே கணக்கில் எடுக்காத சந்தையில், ஒரு பையன் வாசலில் இரண்டு மாதம் நின்றிருக்கிறான், உள்ளே இருப்பவன் கேட்டது டீதான் என்று தெரியாமல். கம்பெனி வரும்வரை அவன் நிற்கணும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

வேலை முடியவில்லை. பெயர் எழுதும் திரை இன்னும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சாஃப்ரானுக்கு அப்புறம் பாதிதான் தமிழ். எனக்கு ஷிப்டு மாறிக்கொண்டே இருப்பதால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். நான் ராத்திரியில் வசனத்தின் அர்த்தத்தை வாய்ஸில் அனுப்புவேன். அவன் கோடு போட்ட நோட்டில் அதைத் தமிழில் எழுதி போட்டோ அனுப்புவான். இங்கிலீஷ் இன்னும் அவனுக்குச் சரியாக வராது. வசனம் என்னைவிட நன்றாக எழுதுகிறான்.

போன மாதம் அவன் தங்கச்சியும் ஆட ஆரம்பித்தாள், பெண் வீரனைத் தேர்ந்தெடுத்து. முதல் சண்டையிலேயே பேராசிரியரின் பேரன் அவளை ‘டி’ போட்டான். இவன் யார் என்னை டி போட என்று சண்டைக்கு வந்துவிட்டாள். அவன் திமிர் பிடிச்சவன், அப்படித்தான் பேசுவான் என்று அண்ணன்காரன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். நோட்டில் இப்போது அந்த வரிக்குப் பக்கத்தில் அவள் கையெழுத்தில் வேறு ஒரு பதில் எழுதியிருக்கிறது. ஆட்டத்தில் வீரனுக்குப் பேச்சே கிடையாது, பதில் சொல்ல இடமில்லை என்று அவளிடம் சொன்னேன்.

"இடம் பண்ணு" என்கிறாள்.